பூட்டுக்கு வைத்த பொட்டு

போடிமெட்டு,
18-10-1983

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

தவசி எழுதுவது. நான் நல்ல சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

ஏலக்காய்க் கிடங்கின் நம்பர் பூட்டுக்கு எண்ணை மாற்றச் சொன்னார் முதலாளி. பழைய எண் அவருடைய ஜீப்பின் எண். அந்த ஜீப்பைப் பார்த்த எல்லோருக்கும் கிடங்கைத் திறக்கத் தெரிந்திருந்தது. இனி ஒரு மூட்டை குறைந்தாலும் என் வேலை போய்விடும் என்று அன்பாகச் சொன்னார். யாருக்கும் தெரியாத எண்ணாக, நம் கல்யாணத் தேதியை வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. வாட்ச்மேன் கன்னையன், திறந்து தொங்கிய பூட்டையும் விடவில்லை. நம் தேதியின் நான்கு எண்களின் மேலும் கச்சிதமாகச் சந்தனம், குங்குமம். இப்போது சக்கரங்களை எப்படிக் கலைத்தாலும், பொட்டு வைத்த எண்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தால் பூட்டு திறந்துகொள்கிறது.

“என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீக?”

“எல்லா இரும்புக்கும் பொட்டு வச்சேன் மாப்ளே. ஒம் பூட்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

துடைக்கவும் விடவில்லை; சாமி குத்தமாம்.

எனவே மறுபடியும் எண் மாற்ற வேண்டும். எனக்கு நினைவிருக்கும் தேதி அது ஒன்றுதான். நீயே நான்கு எண் யோசித்து வெரசா எழுது. அதுவரை கிடங்கு வாசலில் நானே உட்கார்ந்திருப்பேன். இங்கிருந்து நம் சிலமலைப் பக்கம் நன்றாகத் தெரிகிறது, குறையொன்றும் இல்லை.

எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே. இன்லாண்டு கவரில் இடம் நிறைய இருக்கும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு கீழே போகிற ஜீப்பு ஹாரன் அடிக்கிறது.

தவசி