இரண்டு லிட்டருக்கு ஒரு புட்டி

மார்ச் 4, திங்கள்

இன்று காலை ராணியம்மா நாற்பத்தொரு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பினாள். போன வாரம் முப்பத்தாறு. அவள் இருமினால் எங்கள் ந்தீபா பேட்டையில் சேவல்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். ருபாகா குன்றில் தேவாலய மணி தானாக அசையும். கம்பாலா நகரமே விழித்தெழுவது என் வாடகைக் காரால்தான் என்பதை அரசாங்கம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

லுப்வாமா வந்திருந்தான். என் அக்காள் மகன், பள்ளிக்கூட வாத்தியார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கெட்ட செய்தி என்றால் அவன் அப்படித்தான் உட்காருவான்.

"மாமா, இருபத்து மூணாம் தேதி நிச்சயத்துக்கு... வேன் ஒண்ணு பேசியிருக்கேன். நீங்களும் அதுலயே வந்துடுங்களேன்."

"ஏன்டா, ராணியம்மா என்ன பாவம் செஞ்சா?"

பாவம் என்ன என்று எனக்கே தெரியும். ஜனவரியில் அவனுக்குப் பெண் கேட்க மிட்யானாவுக்குப் போனபோது இவள் பாதி வழியில், புஜூக்கோவில், நடுரோட்டில் படுத்துக்கொண்டாள். காலையில் போக வேண்டியவர்கள் இவளுடைய இருமலோடு பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பெண் நகிட்டோவின் அத்தை நமுகாசா வேலிப் படலுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "நிச்சயத்தன்னிக்குப் பத்து மணிக்குப் படலைச் சாத்திடுவேன். இன்னிக்கு வந்த அதே தலைங்க எல்லாம் வரணும். ஒரு தலை குறைஞ்சாலும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஆட்டையும் வாழைத்தாரையும் திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. பொண்ணு இல்லை."

அந்தத் தலைகளில் ஒன்று என்னுடையது.

"என் காரில்தான் வருவேன், பத்துக்கு முன்னால் வருவேன்" என்று சொல்லி அவனை அனுப்பினேன். சொல்லும்போது என் குரல் அரசர் பேரவையில் முழங்கியதுபோல் இருந்தது. அவன் போனபிறகு புஜூக்கோ வரை எத்தனை மைல் என்று விரல்விட்டு எண்ணினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, சனி

மணிக்கூண்டு நெரிசலில் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். கையில் நீலப் புட்டி. இன்ஜெக்டர் கிளீனராம், பெட்ரோலோடு கலக்கிற மருந்தாம்.

"பெரியவரே, இது உள்ள போச்சுன்னா உங்க வண்டி தன் பிறந்த தேதியையே மறந்துடும்."

"நான் குடிக்கலாமாடா?"

"நீங்க குடிச்சா அம்மா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அவன் சொன்ன அம்மா, என் மனைவி, போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவனுக்கு எப்படித் தெரியும்? சிரித்துவிட்டு வாங்கினேன்.

மார்ச் 10, ஞாயிறு

புட்டி மேசைமேல் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரோ பெரிய விருந்தாளி வந்த மாதிரி.

மார்ச் 20, புதன்

ஊற்றிவிட்டேன்! முழுப் புட்டி, கடைசிச் சொட்டு வரை. அரைகுறையாக எதையும் செய்கிற வம்சமா நாங்கள்?

டேங்கில் இரண்டு லிட்டர் இருந்திருக்கும். வழக்கம்தான். எங்கள் தொழிலில் ஆள் ஏறியதும் முதலில் பங்க். முன்பணம் வாங்கி, அந்தச் சவாரிக்கு எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு மட்டும். இருபத்திரண்டு வருடமாக ராணியம்மாவின் பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டை விட்டு நகர்ந்ததே இல்லை. அந்த முள்ளுக்கு மேலே ஓர் உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது.

புட்டியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. மூக்குக்கண்ணாடி வீட்டில்.

மார்ச் 21, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை.

காலையில் சாவியைத் திருப்பினேன். இருமல் இல்லை. வண்டி கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பினேன், கர்ரென்று பல்லைக் கடித்தாள். ஓடிக்கொண்டிருக்கிறாள்! இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். புகைக்குழாயில் கை வைத்தேன், மூச்சு வருகிறது. தூங்குகிற குழந்தையின் மூச்சு.

நகுலாபியே மேட்டை ஒரே தாவில் ஏறினாள். வழியில் மாராபூ நாரைகள் மரத்திலிருந்து எழுந்து நின்று மரியாதை செய்தன. (இரண்டு செய்தன. மீதி குப்பையில் மும்முரமாக இருந்தன.)

டாக்சி நிறுத்தத்தில் போய் நின்றேன். ஒருவனும் திரும்பவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒருவன், "அட, வலுசிம்பி அண்ணே! எப்ப வந்தீங்க?" என்றான். பயந்தே போய்விட்டான், பாவம்.

இவ்வளவு சிறிய புட்டிக்குள் இவ்வளவு பெரிய மௌனத்தை யார் அடைத்து வைத்தது?

மார்ச் 22, வெள்ளி

செத்துவிட்டாள்.

நடேட்டே மேட்டில், பதினோரு மணிக்கு. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். அப்புறம் ஒன்றுமில்லை. நாளைக்குப் பத்து மணிக்குப் படல் சாத்தப்படும் — இன்றைக்கா சாக வேண்டும்? நான் என்ன செய்தேன்? என்ன செய்துவிட்டேன் நான்?

தள்ளிக்கொண்டு போய் நபோசாவின் பட்டறையில் நிறுத்தினேன். நபோசாவுக்கு நாற்பது வயது. அவள் அப்பாவோடு கூட்டுச் சேர்ந்து நான் பொய் சொன்ன காலத்திலிருந்து என்னைத் தெரியும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணே, எத்தனை புட்டி?"

"ஒண்ணுதான் தங்கச்சி."

"உள்ள பெட்ரோல் எவ்வளவு?"

"ரெண்டு லிட்டர்... இருக்கும்."

இடுப்பில் கை வைத்தாள். "அறுபது லிட்டருக்கு ஒரு புட்டின்னு எழுதியிருக்கு. நீ பெட்ரோல்ல மருந்து ஊத்தலை அண்ணே. மருந்துல பெட்ரோலை ஊத்தியிருக்கே."

"அதான் நேத்து பறந்தாளா?"

"பறந்தா. இருபத்திரண்டு வருஷ அழுக்கையும் ஒரே நாள்ல பேர்த்து எடுத்துட்டுல்ல பறந்தா. அவ்வளவும் வந்து ஃபில்டர் வாயில உட்கார்ந்திருச்சு. எப்பவும் அடி டேங்க்லயே ஓட்டுனா அடியில இருக்கிறதைத்தானே குடிப்பா?"

டேங்கை இறக்கிக் கவிழ்த்தாள். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கருப்பாக, கூழாக, துருவும் மணலுமாக ஒரு சதுப்பு நிலமே வந்தது. நீர்யானை ஒன்று வெளியே வந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். இதையா இத்தனை வருடம் இவளுக்குக் குடிக்கக் கொடுத்தேன்? இருமினாள், இருமினாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே.

லுப்வாமாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஓடி வந்தான். சட்டையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"மாமா, வேன்ல இடம் வச்சிருக்கேன். தயவுசெஞ்சு. நகிட்டோவை நான் இழக்க முடியாது மாமா."

அவன் கண்ணைப் பார்த்தேன். வீம்பு எல்லாம் கரைந்துவிட்டது. "சரிடா. காலையில ஆறு மணி வரைக்கும் பார்ப்போம். இவ எழுந்திருக்கலைன்னா வேன்ல கோழிக்கூண்டு மேல உட்கார்ந்தாவது வர்றேன்" என்றேன். கெஞ்சுவதுபோல் வந்துவிட்டது.

நபோசா, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி மேசையில் வைத்தாள். சுண்டுவிரல் அளவுதான். ஒவ்வொன்றாகக் கழுவி, ஒரு பழைய பாட்டரியில் கம்பியைத் தொட்டு, உள்ளே பெட்ரோலை அழுத்தினாள். முதல் மூன்றும் மூடுபனியாகத் தெளித்தன. சாயங்கால வெயில் அதில் பட்டு, கிரீஸ் கறை படிந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒரு வானவில்! நாலாவது மூத்திரம் பெய்தது. மறுபடி கழுவினாள். மறுபடி. ஆறாவது தடவை அதுவும் பனியானது.

ஏரிக்கரையில் இடியோடு மழை வருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக்கூட நான் தொப்பியைக் கழற்றியதில்லை. இன்று கழற்றினேன்.

"புது ஃபில்டர் போட்டாச்சு" என்றாள் நபோசா, கையைத் துடைத்துக்கொண்டே. "இப்ப இன்னொரு புட்டி தர்றேன். ஆனா டேங்கை நிறைச்சுட்டுத்தான் ஊத்தணும். முழு டேங்க். அப்புறம் நீளமான ரோட்ல நிக்காம ஓட்டணும். மீதி அழுக்கு அப்பதான் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். இந்த டவுன் நெரிசல்ல உருட்டுனா பிரயோஜனமில்லை."

முழு டேங்க்! நாளைக்காகப் புதுக் கோட்டு வாங்க வைத்திருந்த காசு பையில் இருந்தது.

மார்ச் 23, சனி — விடியற்காலை

நிறைத்தாயிற்று. பங்க்கில் வேலை செய்யும் பெண், "வேற வண்டிக்கு ஊத்துறோமோ?" என்று என்னை இரண்டு தடவை கேட்டாள்.

முள் எழுந்தது. சிவப்பைத் தாண்டியது. கால், அரை, முக்கால்... தன் வாழ்நாளில் பார்க்காத ஊர்களைப் பார்த்துக்கொண்டே போய் உச்சியில் நின்றது. டாக்சி நிறுத்தத்து ஆட்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் செல்பேசியில் படம் பிடித்தான்.

வெள்ளை அங்கி போட்டேன். மேலே பழைய கோட்டு, வலது முழங்கை கிழிந்தது. பின்னால் நாலு வாழைத்தார், சர்க்கரை மூட்டை, வழக்கப்படி பெண்ணின் அண்ணனுக்குக் கொடுக்க ஒரு சேவல். இனி கடவுள் விட்ட வழி.

அதே நாள், சாயங்காலம்

முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளை நானே நம்ப மாட்டேன்.

புஜூக்கோ வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஜனவரியில் படுத்த அதே இடம், அதே பலாப்பழக் கடை. ராணியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்குள் சேவல் மூச்சு விடுவது கேட்டது.

மிட்யானாவில் பெண் வீட்டு வாசலில், வேனுக்குப் பத்தடி பின்னால் போய் நின்றேன். மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. படல் சாத்தியிருந்தது. மறுபக்கம் நமுகாசாவின் குரல்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு அத்தை" என்றான் லுப்வாமா.

"பொய்! மாமாக்காரர் வரலை. அந்த இருமல் என் காதுல விழலையே."

"இதோ நிக்கிறேன் சம்பந்தி!" என்று கத்தினேன்.

"குரலை யார் வேணும்னாலும் போடலாம். பெண் வீட்டுப் படலுக்கு முன்னாடி இந்த வேஷமெல்லாம் நிறையப் பார்த்திருக்கோம். இன்ஜினைப் போடுங்க, கேட்கிறேன். எனக்கு இருமல் தெரியும்."

உள்ளே பெண்கள் கூட்டம் சிரித்தது. நமுகாசா சிரிக்கவில்லை.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சம்பந்தி."

"எது?"

"இன்ஜின்."

எல்லோரும் வாயை மூடினார்கள். எங்கள் பக்கம், அவர்கள் பக்கம், ஆடுகள்கூட. ஒன்றும் கேட்கவில்லை. லுப்வாமாவின் நெற்றியில் வியர்வை. ஒன்பது ஐம்பத்தெட்டு. என் வெற்றியே என் மருமகனின் கல்யாணத்தைக் கெடுக்கப் போகிறதா? ஒரே ஓர் இருமல், தாயே, ஒன்றே ஒன்று! — இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதற்காக வேண்டினேன்.

படல் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. நமுகாசா வந்தார். மஞ்சள் கோமேசி அங்கி, தோள்கள் கோபுரம்போல் நிமிர்ந்து; அவரே தைத்ததாம், புருஷன் போனபிறகு ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் தைக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. நேரே ராணியம்மாவிடம் போய் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

அப்படியே நின்றார். முகம் மாறியது. கையின் கீழே அந்த மெல்லிய அதிர்வை நானும் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன், நேற்று முன்தினத்திலிருந்து.

"ஐயோ" என்றார் மெதுவாக. "உயிரோட இருக்கா."

பிறகு திரும்பி, முழுக் குரலில்: "படலைத் திறங்கடி! மணி பத்தாகலை!"

லுப்வாமா அழுதான். இல்லை என்று சொல்கிறான். நகிட்டோ எங்கள் பெண்ணாகிவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நமுகாசா என் பக்கம் வந்தார். "இவ்வளவு செஞ்ச ஆளுக்கு ஒரு கோட்டு தைச்சுக்க முடியலையா சம்பந்தி?"

"கோட்டை அவ குடிச்சுட்டா" என்றேன், ராணியம்மாவைக் காட்டி. எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு லிட்டர், முழுப் புட்டி, சதுப்பு நிலம். நீர்யானையை மட்டும் சேர்த்துச் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"கழட்டிக் கொடுங்க. முழங்கைக்கு ஒட்டுப் போட்டு வைக்கிறேன். வந்து வாங்கிக்கணும், ஆள் விட்டு அனுப்ப மாட்டேன்."

மார்ச் 24, ஞாயிறு

கோட்டு இல்லாமல் தேவாலயத்துக்குப் போனேன். குளிரவில்லை.

மார்ச் 30, சனி

மிட்யானா போய்க் கோட்டு வாங்கி வந்தேன். ஒட்டு இருக்குமிடம் தெரியவில்லை. அப்படி ஒரு தையல். வாழையிலையில் கட்டி வேகவைத்த கோழி சாப்பிட்டேன். நாலு மணி நேரம் பேசினோம். எதைப் பற்றி? முக்கியமாக ஃபில்டர்.

ஏப்ரல் 4, வியாழன்

நபோசாவிடம் போய்க் கேட்டேன், இன்னும் எத்தனை தடவை நீளமான ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று. "போதும் அண்ணே, சுத்தமாயிடுச்சு" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? சின்னப் பெண்.

ஏப்ரல் 5, வெள்ளி

கோட்டின் இடது முழங்கை இன்று கிழிந்துவிட்டது. எப்படிக் கிழிந்தது என்று இந்த நோட்டுப் புத்தகம் கேட்கக் கூடாது.

டேங்க் நிறைத்தாயிற்று.