நிற்க ஓர் ஆள்

12 பிப்ரவரி 2007, சூலக்கரை

கலெக்டர் ஆபீஸின் பின்பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மின்விசிறியைப் போட்டால் சத்தம், போடாவிட்டால் வேக்காடு. வாசல் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது: சொர்ணலட்சுமி, சட்ட ஆலோசகர். அரசாங்கத்துக்கு நான் சொல்ல வேண்டிய ஆலோசனை ஒன்றே ஒன்றுதான். பட்டாசு ஆலை விபத்து வழக்குகள் ஏன் தேறுவதில்லை, தேற வைக்க எந்தச் சட்டப் பிரிவைப் போடலாம்?

ஏன் தேறுவதில்லை என்று கண்டுபிடிக்க ஒரு ஜீப்பும் டிரைவரும் எதற்கு? சாத்தூரில் அரசு வக்கீலாக இருந்தபோதே எனக்குத் தெரியும். கோர்ட் வாசல் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆலை வெடித்ததும் கம்பெனியிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். 'ஆள் கொடுக்கிறது' என்று பெயர். மருந்துக் கலவைக்கு நான்தான் பொறுப்பு என்று அவன் போய் நிற்பான். 304-ஏ, கவனக்குறைவால் மரணம். ஸ்டேஷனிலேயே ஜாமீன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். லைசென்ஸ் வைத்திருக்கிற முதலாளி பெயர் எஃப்.ஐ.ஆரில் எட்டிக்கூடப் பார்க்காது. நாலைந்து வருஷம் கழித்து சாட்சிகள் பல்டி அடிப்பார்கள், வழக்கு தள்ளுபடி. செத்தவர்கள் செத்ததுதான்.

20 பிப்ரவரி

ஏழாயிரம்பண்ணையில் விசாரணை. சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." எனக்குக் கடுப்பாகிவிட்டது. தெரியாமல்தான் வருஷா வருஷம் சாகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அப்புறம்தான் குருவம்மாள் எழுந்து வந்தாள். புருஷன் இல்லை. மகள் சினேகா போன சீசனில் மருந்து அறையில் கருகிப் போனாள். மகன் முனியராஜ் பின்னாலேயே நின்று, "எம்மா, வாம்மா, கம்பெனி ஆளுக வெளிய நிக்காக" என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அவள் கையை உதறிவிட்டுப் பேசினாள்.

"எம் பிள்ளைய மூட்டையாக் கட்டிக் குடுத்தாக தாயி. முகத்தப் பாக்க விடல. அன்னைக்குச் சாயங்காலமே, நின்ன பய பஸ் ஸ்டாண்டுல வெத்தல போட்டுக்கிட்டு இருக்கான். அவன் மேல எனக்குக் கோவமில்ல, அவனும் எங்கள மாதிரி ஒருத்தி பெத்த பிள்ளதான். ஆனா அம்புட்டுப் பேரு செத்ததுக்கு எவனாச்சும் ஒரு ராத்திரி உள்ள கெடக்க வேணாமா? ஒரு ராத்திரி?"

21 பிப்ரவரி

வேலை ஓடவில்லை. ஒரு ராத்திரிதானே கேட்டாள். அதற்குக்கூட நம் சட்டத்தில் வழியில்லையா?

11 மார்ச், வீடு

குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். உயிர்ப்பலி ஏற்பட்ட பட்டாசு விபத்து எதிலும் இனி 304-ஏ கூடாது. 304, இரண்டாம் பகுதி: சாவு வரும் என்று தெரிந்தே செய்தது. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. கோர்ட்டில் ஜாமீன் கேட்டால் அரசு வக்கீல் கட்டாயம் எதிர்க்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். ரத்தினசாமி வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற தோரணையில் படித்தார்.

"ஏன் சொர்ணம், நிக்கிறவன் அதே இல்லாதப்பட்டவந்தான? அவனத்தான உள்ள வைப்பாக?"

"நிக்கவே மாட்டான்! மாசக்கணக்குல ஜெயில்ல கெடக்கணும்னா எவன் வருவான்? ஆள் கெடைக்காது. ஆள் கெடைக்கலன்னா போலீஸ் லைசென்ஸ்காரரத்தான் பிடிச்சாகணும்."

"அது அவனுக்குத் தெரியணும்ல?"

"ஆலைக்கு ஆலை தமிழ்ல நோட்டீஸ் ஒட்டணும்னு கடைசிப் பத்தியில எழுதியிருக்கேன். வாத்தியார் பாதிதான் படிச்சிருக்கீக."

சிரித்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இதைவிடச் சரியான கண்ணி கிடையாது.

18 ஏப்ரல், சென்னை

கூட்டம். உற்பத்தியாளர்கள் தரப்பில் வக்கீல் அய்யாதுரை வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. மல்லுக்கட்டுவார் என்று சட்டப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போனேன். மனிதர் எதையும் எதிர்க்கவில்லை!

"மேடம் எழுதினது நியாயந்தான். எங்களுக்கு ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். இந்த நோட்டீஸ் ஒட்டுற பத்தி மட்டும் வேண்டாம். சீசன் நேரம். ஜெயிலு, கொலைன்னு வாசல்ல எழுதிப் போட்டா ஜனங்க பயந்து வேலைக்கு வராது. ஆர்டர் அம்புட்டும் போயிரும். ஸ்டேஷன்களுக்கு ரகசியச் சுற்றறிக்கையா அனுப்பிருங்க. சட்டம் சட்டந்தான?"

கூட்டத்தை நடத்திய அரசுச் செயலாளர் என்னைப் பார்த்தார். "ஒரு பத்திக்காக முழுசையும் தள்ளிப் போடணுமா? தீபாவளி முடிஞ்சு நோட்டீஸ் போட்டுக்கலாம். அதுவரைக்கும் விஷயம் வெளியே போகக் கூடாது."

சரி என்றேன். மற்றதெல்லாம் அப்படியே கிடைத்துவிட்டதே. இவரிடம் போனில் சொன்னபோது, "சரி" என்றார். அதுவே எரிச்சலாக இருந்தது.

8 ஜூன்

சுற்றறிக்கை போய்விட்டது! ஒரு வார்த்தை மாறாமல் என் குறிப்பு. கடைசிப் பத்தி மட்டும் இல்லை.

20 ஆகஸ்ட்

திங்கட்கிழமை, மனு நாள். விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வந்த குருவம்மாள் மத்தியானம் என் அறைக்கும் வந்தாள். முனியராஜும் கூட. அவளைக் கூட்டிவர வேலைக்கு லீவு போட்டிருந்தான். டீ வாங்கிவரச் சொன்னேன்.

"நாங்க சொன்னதெல்லாம் எழுதுனீகளே, என்ன ஆச்சு தாயி?" என்று கேட்டாள்.

நுனி நாக்கு வரைக்கும் வந்தது. செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "நடக்கும்மா, நடக்கும்" என்றேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே முனியராஜின் செல்போன் அடித்தது. விஸ்வநத்தத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி இப்போதுதான் வெடித்ததாம். அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். குருவம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு, "எங்கூட வந்ததால தப்பிச்சியே, எய்யா, தப்பிச்சியே" என்று அழுதாள். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ஆறு பேர் செத்துவிட்டார்கள்.

21 ஆகஸ்ட்

பேப்பரில் போட்டிருக்கிறது: 'விபத்துக்குக் காரணமான கலவைப் பொறுப்பாளர் முனியராஜ், தலைமறைவாக இருந்தபோது பேருந்து நிறுத்தத்தில் கைது.'

தலைமறைவா? வெடித்த நேரத்தில் என் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தவன்டா அவன்!

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். குரலில் அவ்வளவு உற்சாகம். "உங்க சர்க்குலர் படி முதல் கேஸ் மேடம். ராத்திரியே ரிமாண்ட் பண்ணியாச்சு." வெடித்தபோது அவன் என் அறையில் இருந்தான் என்றதற்கு, "அவனே ஒத்துக்கிட்டான் மேடம்" என்றார்.

23 ஆகஸ்ட்

குருவம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் போர்மேன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அறையில் இருந்தவர்கள் செத்தாயிற்று, மிச்சப் பேர் ஆஸ்பத்திரியில். காயமில்லாமல் முழுசாக இருக்கிறவன் நீ ஒருத்தன்தான், போய் நின்றுவிட்டு வா என்று சொல்லியிருக்கிறார்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" கத்திவிட்டேன்.

"நிக்கலன்னா எங்கனயும் சேக்க மாட்டாக தாயி. இந்த வட்டாரத்துல எந்தக் கம்பெனியிலயும். சாயங்காலம் விட்டுருவாகன்னு சொன்னாக. எப்பவும் விடத்தான செய்வாக? சினேகாவுக்கு நின்னவன் ஒரு ராத்திரி உள்ள கெடக்கலயேன்னு கேட்டவதான், நானேதான் நல்ல சட்டையா எடுத்துக் குடுத்து அனுப்புனேன். ராத்திரிக்குச் சோறு வடிச்சு வச்சிருந்தேன்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சட்டம் ஜூன் மாதமே மாறிவிட்டது, எழுதியது நான்தான், ஸ்டேஷனுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும், அய்யாதுரைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கக்கெழம டீ வாங்கிக் குடுத்தீகளே. அப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே தாயி?"

24 ஆகஸ்ட்

சொல்லியிருக்கலாம்.

6 செப்டம்பர்

கோர்ட்டில் ஜாமீன் மனு தள்ளுபடி. எதிர்த்து வாதாடிய அரசு வக்கீல் என் குறிப்பிலிருந்தே வரி வரியாக வாசித்தாராம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று போனில் வேறு பாராட்டுகிறார். போனை வைத்துவிட்டேன்.

செயலாளர் அலுவலகத்திலிருந்தும் ஒரு பாராட்டு. ஒரே நாளில் கைது! முதலாளி பெயர் இன்னும் எஃப்.ஐ.ஆரில் இல்லை என்று சொன்னேன். "புலன்விசாரணை நடக்கிறதே" என்றார்கள்.

14 செப்டம்பர்

அய்யாதுரையைக் கோர்ட் வராந்தாவில் மறித்தேன். "தெரிஞ்சே அனுப்பி வச்சிருக்கீங்க."

"யாரும் யாரையும் அனுப்பல மேடம். அவனா வந்து நின்னான். நீங்க கேட்ட சட்டந்தான? நாங்க ஏதாச்சும் தடுத்தமா?" அதே சிரிப்பு. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பயல் வெளிய வர ஒரு வழிதான் இருக்கு. வெடிச்ச நேரத்துல எங்கிட்டத்தான் இருந்தான்னு நீங்க ஓர் அபிடவிட் போடுங்க. நாளைக்கே எடுத்துருவோம். போடுவீங்களா?"

இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஜீப்பில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது. முதல் கைதே பொய்க் கைது என்று சட்டத்தை எழுதியவளே எழுதிக் கொடுத்தால், அந்தச் சட்டத்தைச் சாகடிக்க அவர்களுக்கு அது ஒன்று போதும். படுபாவி. அவனை உள்ளே அனுப்பியதிலும் ஆதாயம், வெளியே எடுத்தாலும் ஆதாயம்.

16 செப்டம்பர், வீடு

போட்டால் சுற்றறிக்கை போகும், வேலை போகும். வேலை கிடக்கிறது கழுதை. சுற்றறிக்கை போனால் மறுபடி எல்லாக் கம்பெனிகளும் பழையபடிதான். போடாமல், தீபாவளி வரை பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டால்? அடுத்த ஆள் நிற்க மாட்டான். நான் நினைத்தது நடக்கும். அதுவரைக்கும் முனியராஜ் மதுரை ஜெயிலில் கிடக்க வேண்டும். கிடக்கட்டும் என்று சொல்ல நான் யார்?

இவரிடம் கேட்டேன். "அன்னைக்கே சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னது மாதிரிதான்.

குருவம்மாளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாமா என்றும் தோன்றியது. உன் மகனை விட்டால் சட்டம் போய்விடும் தாயே என்று. என்ன கேள்வி இது! பெற்றவளிடம் போய்க் கேட்கிற கேள்வியா?

17 செப்டம்பர்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். செயலாளரே கூப்பிட்டார். "என்ன செய்யறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"ஏப்ரல் மாசந்தான் சார் தெரியாம செஞ்சேன்."

3 அக்டோபர்

ஜாமீன் கிடைத்துவிட்டது. மதுரைக்கு நானும் போயிருந்தேன். முனியராஜ் வெளியே வந்தான். போட்டுக்கொண்டு போன அதே சட்டை, தொளதொளவென்று தொங்கியது. குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. அவன்மேல் என்ன தப்பு?

8 நவம்பர்

தீபாவளி. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டோம். ஆனாலும் கேட்கத்தான் செய்கிறது.

29 நவம்பர்

'அப்பாவித் தொழிலாளர்கள் பாதிக்கப்படுவதைக் கருத்தில் கொண்டு' சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அப்பாவித் தொழிலாளர்! உற்பத்தியாளர்கள் போட்ட மனுவில் என் அபிடவிட்தான் முதல் இணைப்பு. என் பதவிக்காலமும் இந்த மாதத்தோடு முடிகிறதாம், நீட்டிக்கவில்லை. பலகையை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

17 ஜூலை 2008, சாத்தூர்

இப்போது தனியாகத்தான் வக்கீல் தொழில். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று ஏதோ ஓடுகிறது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆலை காலையில் வெடித்துவிட்டதாகக் கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள். நாலு பேர் என்றார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் குருவம்மாளிடமிருந்து போன். முனியராஜ் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தக் கம்பெனியில்தான் சேர்ந்திருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. அவனுக்கு ஒன்றுமில்லையே என்று பதறிக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தாயி, லோடு ஏத்தப் போயிருந்தான். அவனத்தான் நிக்கச் சொல்றாக. வண்டி வந்து வாசல்ல நிக்கி. போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுல்ல, அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு அனுப்பலாம்னு."

எந்தப் பிரிவு என்று ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். பக்கத்தில் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். 304-ஏ.

செத்த நாலு பேர் யார் யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள வந்துருவாந்தான தாயி?"

"வந்துருவாம்மா. அனுப்புங்க" என்றேன்.