சீயோன் முதல் மோவாப் வரை

ஸ்பிரிங்டேல், யூட்டா
2 ஜூலை 1987

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

உங்கள் மகள் நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதத்தில் என் பெயரைப் பார்த்ததும் உங்களுக்குப் பகீரென்று இருக்கும். நான் எழுதுவது லாமாருக்குத் தெரியாது. உங்களை விட்டுப்போனவரின் இரண்டாவது மனைவி உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே விநோதமாகத்தான் இருக்கிறது.

நேற்று சீயோன் பூங்காவுக்குள் வந்து கூடாரம் போட்டோம். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை வானம்வரை நிற்க, நடுவில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போனோம். என் மகள் டெலியா தண்ணீரைப் பார்த்து அலறினாள். கெரிலின்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கெரிலின் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று கால் இரும்புச் சட்டியில் சாயங்காலம் கறியும் உருளைக்கிழங்கும் சமைத்தாள். மூடிமேல் தணல் அடுக்கியது முதல் எல்லாம் அவளே. லாமார் சட்டியை வழித்து வழித்துச் சாப்பிட்டார். பன்னிரண்டு வயதுப் பெண் சமைத்திருக்கிறாளே, பாத்திரமாவது நான் கழுவலாம் என்று சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் பீங்கான் பூசின பாத்திரம். இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. “புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாரு” என்று அவளிடம் காட்டவும் செய்தேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “எங்கம்மா இதுக்கு சோப்பே காட்டினதில்ல” என்றாள். கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. எல்லாம் டெலியா மூலமாகத்தான். “டெலியா, உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு முட்டை வேணாம்னு.” நான் கையில் முட்டையோடு அவள் எதிரிலேயே நிற்கிறேன்.

சட்டியில் காலையிலேயே துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? இந்தப் பயணம் முடிந்ததும் அவள் எங்களோடு ஆல்புகர்க்கி வருகிறாளா, லோகனில் உங்களோடு இருக்கிறாளா என்று அவளே முடிவு சொல்லவேண்டும். உங்கள் மனதில் அதுதான் ஓடும், என் மனதிலும் அதுதான். ஆனால் அதற்காக நான் எழுதவில்லை. சட்டிக்காகத்தான் எழுதுகிறேன்.

டாரி ஊர்த் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுதினால் எடுத்து வைத்திருப்பார்கள். பிரைஸ் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அங்கேதான் வருகிறோம்.

மரியாதையுடன்,
யோலாண்டா


லோகன்
6 ஜூலை

யோலாண்டாவுக்கு,

கடிதம் வந்தது. படித்ததும் முதலில் சிரித்தேன். மறைப்பானேன், நன்றாகவே சிரித்தேன். பிறகு சட்டியை நினைத்து வயிறு எரிந்தது.

சட்டியைத் துருப்போகத் துடைத்துத் தணல்மேல் வைத்துச் சூடாக்குங்கள். ரொட்டிக்குப் போடும் வெள்ளைக் கொழுப்பை உள்ளேயும் வெளியேயும் தடவி, தடவினதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். கவிழ்த்துவைத்து, புகை நிற்கும்வரை விடுங்கள். ஆறினதும் மறுபடியும் அதேதான், கறுப்பு ஏறும்வரை. லாமாரைப் பக்கத்தில் விடாதீர்கள். ரெண்டாவது தடவைக்குள் அலுத்துப்போய் “இது போதும்” என்பார்.

அந்தச் சட்டியைக் கெரிலின் கேட்கவில்லை. நான்தான் காரில் தூக்கி வைத்தேன். நான் வரமுடியாத இடத்துக்கு என் சட்டியாவது போகட்டும் என்று ஒரு வீம்பு.

நீங்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் கேட்டுவிடுகிறேன். ஆல்புகர்க்கியில் அவளுக்காக ஒரு அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறீர்களாமே. ஒரு குழந்தையிடம் மஞ்சள் அறையைக் காட்டிவிட்டு “உனக்கு எங்கே இருக்கணும்” என்று கேட்பது நியாயமா? செருப்புக்கடை மாடியில் குடியிருக்கிறவள் நான், எதைக் காட்டுவேன்?

மலைப்பாதையில் அவளை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள், நம்பாதீர்கள்.

வெர்னா


டாரி
10 ஜூலை

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

அவளை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டேன். இப்போது வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு அவள்தான் வழி சொல்கிறாள். “அப்பா, இது குறுக்கு வழி இல்ல, தப்பு வழி.” லாமார் ஒரு மணல் பாதையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபிறகு வாயே திறப்பதில்லை.

நேற்று சாயங்காலம் நீங்கள் சொன்னபடி ஆரம்பித்தேன். கெரிலின் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். “டெலியா, உங்கம்மாகிட்ட சொல்லு, அவ்ளோ தடவினா பிசுபிசுன்னு ஆயிடும்.” டெலியா, “அம்மா, பிசுபிசுன்னு ஆயிடுமாம்” என்றாள். நான், “எவ்ளோ தடவணும்னு கேளு” என்றேன். அதற்குள் ஒரு ஓணான் ஓடியது. டெலியா அதன் பின்னாலேயே போய்விட்டாள். தூது போக ஆளில்லை. நான் மறுபடியும் துணியைக் கொழுப்பில் தோய்த்தேன். கடைசியில் அவளே, “இப்படிக் கொடுங்க” என்று துணியை வாங்கிக்கொண்டாள். சட்டி இன்னும் முழுக்கக் கறுக்கவில்லை.

மஞ்சள் அறை உண்மைதான். எனக்கு ஒன்பது வயதில் என் அப்பா வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒரு மூலைகூட இல்லை. அதை நினைத்துத்தான் அடித்தேன். அவளை இழுக்கவும் அடித்தேனா என்று கேட்டால், கொஞ்சம் ஆமாம்.

யோலாண்டா


டாரி
11 ஜூலை

அன்புள்ள வெர்னா,

நேற்றைய கடிதத்தைப் பெட்டியில் போட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. இது தள்ளிப்போடக்கூடாத சேதி.

இன்று கேபிடல் ரீஃப் பூங்காவுக்குள் இருக்கும் பழைய தோட்டத்துக்குப் போனோம். ஆப்ரிகாட் பழம் பழுத்துக் கிடக்கிறது. ஏணி போட்டு யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், மரத்தடியில் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். கெரிலின் ஏணிமேல் இருந்தாள். திடீரென்று இறங்கி வந்து, “யோலாண்டா, கொஞ்சம் அந்தப் பக்கம் வர்றீங்களா” என்றாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உங்கள் மகள் பெரியவளாகிவிட்டாள்.

என் மேல்சட்டையை அவள் இடுப்பில் கட்டிக் கூடாரத்துக்குக் கூட்டிவந்தேன். வேண்டியதெல்லாம் என்னிடம் இருந்தது. எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். “எங்கம்மா இருந்திருக்கணும்” என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வேன்? உடனே ஊருக்குள் போய்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து உங்களைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானமும் கூப்பிட்டோம். “ஷிஃப்ட்ல இருப்பாங்க” என்றாள். “நீங்களே எழுதிடுங்க. எனக்கு எழுத வெக்கமா இருக்கு. அம்மா கோச்சுக்குவாங்களா?”

கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. இந்த இடத்தில் நீங்கள் இருந்திருக்கவேண்டும், வெர்னா. நான் இருந்துவிட்டேன். அதற்காக வருத்தப்படுகிறேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்க முடியவில்லை.

அடுத்து மோவாப். அங்கே தபால் நிலையத்தில் விசாரிப்பேன்.

யோலாண்டா


லோகன்
15 ஜூலை

அன்புள்ள யோலாண்டா,

நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்ட அன்றைக்குப் பாலாடைக்கட்டி ஆலையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். வேறொருத்தி வரவில்லை என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். மாடிப்படியிலேயே உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். படித்த நாள் முழுக்க எனக்குக் கோபம். முதலில் உன்மேல், பிறகு லாமார்மேல், அப்புறம் ஆலைமேல், கடைசியில் அந்தப் பழமரத்தின்மேல்கூட. இப்போது ஆறிவிட்டது. அவளிடம் நீ சொன்னது சரிதான், அம்மா கோபித்துக்கொள்ளவில்லை என்றே சொல்.

அவளுக்கு இடுப்பு வலிக்கிறதா? எனக்கு ரொம்ப வலிக்கும். வெந்நீர்ப் பை வைத்தால் கேட்கும். ஏணியெல்லாம் ஏறவிடாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், ஏறட்டும்.

இப்போது எனக்கு ஒரு உபகாரம் செய். அவளுக்கு எங்கே இருக்க ஆசை? என்னிடம் கேட்டால் “உன்கூடத்தாம்மா” என்பாள். என் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. நீ இத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்க்கிறாய். உள்ளதை உள்ளபடி எழுது. எனக்கு இதமாக இருக்கட்டும் என்று மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன்.

வெர்னா


மோவாப்
19 ஜூலை

அன்புள்ள வெர்னா,

உங்கள் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மூன்று கடிதமாவது மனதுக்குள் எழுதிக் கிழித்திருப்பேன். நீங்கள் கேட்டது உண்மை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். கீழே எங்கேயோ அதலபாதாளத்தில் கொலராடோ ஆறு வளைந்து திரும்புகிறது. லாமார் டெலியாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் நின்றார். “கெரிலின், இன்னும் கொஞ்சம் பின்னால வாம்மா, அப்பாவுக்கு இங்க நின்னாலே தலை சுத்துது.” அவள் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“நான் உங்ககூட வந்துட்டா எங்கம்மா ராத்திரி யார்கூட சாப்பிடுவாங்க?”

“அதெல்லாம் உன் கவலை இல்லம்மா” என்றேன்.

“பின்ன யாரோட கவலை?” என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. வர ஆசையில்லாத பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. டெலியாவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்பாவோடு இருக்கவேண்டும் என்ற ஏக்கமும் இருக்கிறது. மஞ்சள் அறையைப் பற்றி இந்தப் பயணத்தில் ஒருதடவைகூட அவள் பேசவில்லை. உங்களை விட்டுவர மனதில்லாமல்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நீங்களாகப் போகச் சொன்னாலொழிய அவள் சொல்லமாட்டாள்.

அவள் எங்களோடு இருக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், லாமாரையும் பேச விடமாட்டேன். 24ஆம் தேதி முன்னோடிகள் தின ஊர்வலத்துக்கு அவள் லோகனில் இருப்பாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு நாங்கள் போய்விடுகிறோம்.

யோலாண்டா


லோகன்
27 ஜூலை

அன்புள்ள யோலாண்டா,

வாசலில் காரை நிறுத்திவிட்டு நீ இறங்காமலே இருந்தாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட மனம் வரவில்லை.

ஊர்வலத்தன்று வழக்கம்போல நடைபாதை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முன்னோடிகளின் கூண்டுவண்டியெல்லாம் போய், பள்ளிக்கூடத்து வாத்தியக்குழு வந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. “போயேன். ஒரு வருஷம் இருந்து பாரு” என்றேன்.

“எங்க?” என்றாள், தெரியாதவள்போல.

“உங்கப்பாகிட்ட.”

“நீ என்னம்மா பண்ணுவ?”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? ஆலைல ஐம்பது பேரோட உக்காந்து சாப்பிடறேன். அவங்க பேசற பேச்சுல எனக்குக் காதே வலிக்குது.”

பொய். ஆலையில் நான் யாரோடும் உட்காருவதில்லை. வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிறவள் நான். அவள் நம்பினாளா, நம்பினமாதிரி இருந்தாளா தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியக்குழு தாண்டிப்போகும்வரை விடவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பஸ் ஏற்றிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அவள் இங்கே வந்தாக வேண்டும், அதில் பேச்சு கிடையாது. காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டாள். ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் நெற்றியைத் தொட்டுப் பார். கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் லாமார் பிரசங்கம் ஆரம்பிப்பார், அவரைக் கடைக்கு அனுப்பிவிடு.

உன்னை வெறுக்க எனக்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. இத்தனை கடிதங்களில் தேடியும் கிடைக்கவில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் ஒன்றுதான். இப்போது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த வீட்டில் டெலியா நாளெல்லாம் அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு என்றைக்காவது இவளுக்கும் அப்படியே வந்துவிடும். அப்போது திடுக்கிட்டு நிற்காதே, திருத்தாதே, அவள் கூசிப்போவாள். “என்னம்மா” என்று கேட்டு, அவளுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடு.

மற்றதெல்லாம் எனக்கு எழுது. பள்ளிக்கூடம், சண்டை, ஜலதோஷம், எதையும் விடாதே. அதை மட்டும் எழுதாதே.

வெர்னா