வேப்ப மரத்தில் கட்டிய ஆடு

அக்கா,

அலுவலக அறை முழுக்க ஆட்டு வாடை. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தில் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடக்கிறது. நீங்கள் வைத்த செம்பருத்தியை அது மொட்டையடித்துவிட்டது. முதியோர் இல்லத்துக்கு ஆடு எதற்கு என்கிறீர்களா? எல்லாம் உங்களால்தான்.

கருப்பையா ஐயாவை வியாழக்கிழமைதோறும் அய்யலூர் சந்தைக்குக் கூட்டிப்போகிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார்? ஆட்டு வியாபாரத்திலேயே வயதைக் கழித்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்போது பெற்ற மகன் பெயரே அவருக்குச் சமயத்தில் மறந்துபோகிறது. "கூட்டத்துல தொலைஞ்சு போனா என்னக்கா பண்றது?" என்று நான் கத்தினேன். நீங்கள் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்தபடியே, "தேடுவோம்டி. கேட்டைப் பூட்டுனா அவரு பயமா போகுது? நம்ம பயந்தான போகுது?" என்றீர்கள். உங்களிடம் பேசி யார் ஜெயித்தார்கள்!

நீங்கள் கண்ணை மூடினீர்கள், நீங்கள் பார்த்த இல்லப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இல்லத்தின் செயலாளர் முதல் வேலையாகச் சந்தைக்குத் தடை போட்டார். வியாழக்கிழமை விடிந்ததும் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே நிற்பார். பஸ் வரவில்லை என்று பொய் சொல்லி உள்ளே கூட்டி வருவோம். கொஞ்ச நாளில் நிற்பதை விட்டார். பிறகு சோற்றையும் விட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு இரண்டு வாய் ஊட்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும்.

பொறுக்க முடியாமல் போன வாரம் யாரிடமும் கேட்காமல் நானே கூட்டிப்போனேன். சந்தைக்குள் நுழைந்ததும் மனிதரின் நடையே மாறிவிட்டது. ஒரு டீ சொல்லத் திரும்பினேன், அவ்வளவுதான். துண்டுக்கடியில் ஒரு வியாபாரியின் விரலைப் பிடித்துப் பேரம் பேசி இந்த ஆட்டுக்கு விலை முடித்துவிட்டார்.

"அண்ணே, ஐயா விளையாட்டுக்குப் பேசிட்டாரு, விட்ருங்க" என்று கெஞ்சினேன். ஐயா என்னை முறைத்தார்.

"கை குடுத்தாச்சுத்தா. பேச்சு மாறுனா நாளைக்கு எம் மூஞ்சியில எவன் முழிப்பான்?"

அவர் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று! பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் தானே பிசைந்து சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தவில்லை என்று சமையல்காரம்மாவிடம் சண்டை வேறு.

இன்று காலையில் செயலாளர் வந்து குதித்தார். "இது இல்லமா, ஆட்டுப் பட்டியா? இனிமே அந்தாளு கேட்டைத் தாண்டுனா நீங்க வேலைக்கே வர வேணாம்."

என்னை இதில் இழுத்துவிட்டுப் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் அப்படி ஓர் ஆத்திரம். ஆனால் பேசிய வாய் என்னுடையதுதானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

"சரிங்க சார். ஆனா ஆட்டை விக்கணுமே? நம்ம போனா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. ஐயா வந்தாத்தான் விலை படியும்."

செயலாளர் ஆட்டைப் பார்த்தார், மொட்டைச் செம்பருத்தியைப் பார்த்தார். "இந்த ஒரு தடவைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நீங்கள் இல்லாததுதான் எரிச்சலாக இருக்கிறது, அக்கா.

வியாழக்கிழமை போகிறோம். ஐயா ஆட்டை விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார் என்றா நினைக்கிறீர்கள்? நிச்சயம் இன்னொன்றைப் பார்த்து வைப்பார்.

நானும் டீ சொல்லத் திரும்பிக்கொள்வேன்.