நீல வாளி வல்லாரை

மாமி,

இன்றைக்குக் காலையில் அரைக் கிலோ சாளை மீன் வாங்கினேன். அலசி முடித்து, கலங்கிய தண்ணீர்ச் சட்டியைத் தூக்கினதும் கால் தானாக மொட்டை மாடிப் படிக்குத் திரும்பிவிட்டது. நேற்று சாயந்திரம்தான் பங்குனியின் முதல் மழை பெய்திருந்தது. பாதிப் படியிலேயே ஈர மண்ணும் கற்பூரவல்லியும் கலந்த வாசனை வந்தது. உங்கள் ஃபிளாட் கதவு பூட்டிக் கிடந்தது. உங்களோடு பேசாமல் அடுப்பைப் பற்ற வைக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோட்டைக்குள் இருந்த அக்ரகார வீட்டை விற்றுவிட்டு நீங்கள் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு வந்த வருடம், நம் இருவருக்குமே தோட்டம் என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள் முப்பது வருடம் ஆபீசில் டைப் அடித்தவர். நான் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் மனைவி, ஆணியும் பைப்பும்தான் தெரியும். கடையில் வாங்கின கொத்துமல்லி விதையை உடைக்காமல் முழுசாக ஊன்றிவிட்டு இருபது நாள் மாறி மாறிக் காவல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? ஒன்றுகூட முளைக்கவில்லை. "விதையிலே சூதாக்கும்டி, ஸ்டெல்லா" என்று கடைக்காரனைத் திட்டினீர்கள்.

பிறகு எப்படியோ கை தேறியது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து காலி பெயிண்ட் வாளிகளைக் கொண்டு வந்து அடியில் துளை போட்டுக் கொடுத்தார். வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா, கறிவேப்பிலை என்று மாடி நிறைந்தது. நம்மைப் பார்த்து மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு நாலு வாளி வைத்தார்கள். சித்திரை விஷுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாடியில் கூடி, பறித்த கீரையை ஒரே பாயில் கொட்டி எட்டுப் பங்காகப் பிரித்துக்கொள்வது நீங்கள் வைத்த வழக்கம். யார் வாளி, யார் கீரை என்று கேட்கக் கூடாது என்பது உங்கள் சட்டம்.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தீர்கள். கடை உரம் கூடாது, பூச்சி மருந்து கூடாது, எந்த உயிரின் ரத்தமும் மண்ணில் விழக் கூடாது. "பிண்ணாக்கும் சாணியும் போறும், கேட்டயா?" என்றீர்கள். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

ஆனால் என் வல்லாரை மட்டும் சோகை பிடித்து நின்றது. களியக்காவிளைப் பக்கம் எங்கள் அம்மா மீன் கழுவின தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்க மாட்டாள், எல்லாம் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும்தான் போகும். அந்த ரத்தம்தானே எனக்கும். ஒருநாள் நீங்கள் பூஜையில் மணியடிக்கிற நேரம் பார்த்து சட்டியோடு மாடியேறினேன். முதலில் என் வாளிகளுக்கு மட்டும் விட்டேன். உங்கள் வாளிகள் பக்கத்தில் வாடி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவற்றுக்கும் விட்டேன். இரண்டு வாரத்தில் இலை உள்ளங்கை அகலம் வந்தது. நீங்கள் அதை அரைத்துத் தொகையல் கொண்டு வந்து கொடுத்தபோது அதைத் தொடாமல் வீட்டுக்காரர் தட்டிலேயே வைத்தேன். இருந்தும் மறுநாளும் விட்டேன். அப்படித்தான் என் யோக்கியதை.

அடுத்த மாதமே நீங்கள் ஒரு நீல வாளியைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் தனியாக வைத்து அதிலும் வல்லாரை நட்டீர்கள். "இதுக்கு மட்டும் நீ ஒண்ணும் விட வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், என் கை பட்டால் தீட்டு என்று நினைக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "மாமி அப்பிடிப்பட்ட ஆளு இல்ல பிள்ளே" என்றார் அவர். நான் கேட்கவில்லை. ஒரு வருடம் உங்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் அந்த முள்ளை வைத்திருந்தேன்.

ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங்கில் மலையாளியான செக்ரட்டரி எழுந்து, மாடியில் மீன் நாற்றம், பூனைத் தொல்லை, யார் வேலை இது என்று கேட்டார். நீங்கள்தான் மலையாளத்தில் கணீரென்று பதில் சொன்னீர்கள். "அது வேப்பம்பிண்ணாக்கு புளிச்ச வாசனை. எனக்குத் தெரியாத மீன் வாசனையா?" சுத்த சைவ மாமி சொன்னால் யார் மறுப்பார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். பாவம், ஒன்றும் தெரியாமல் எனக்காகப் பேசுகிறாரே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன தை மாதம் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். நான் செய்த பாவம்தான் உங்களைப் படுக்க வைத்தது என்று பயந்து மீன் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். ஒருநாள் மாடியிலிருந்து கொஞ்சம் வல்லாரை பறித்து வந்து உங்கள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"என்னடி இது, இப்படி வெளுத்திருக்கு? மீன் தண்ணி விடறதை நிறுத்திட்டயா?"

நான் அவசரமாக அந்த இலையைத் திரும்ப வாங்கப் பார்த்தேன்.

"பூனைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதாக்கும்" என்றீர்கள். "முதல் வாரமே தெரியும். உன்னைக் கேட்டா நீ மாடிக்கே வராம போயிடுவாய். இந்த வயசிலே நான் யாரோட சண்டை போட்டுண்டு கீரை பறிக்கறது?"

"அப்ப அந்த நீல வாளி, மாமி?"

"அது பகவானுக்கு. நேவேத்தியத்துக்கு மட்டும் அதிலேந்து பறிப்பேன். எனக்கு உன் மண்ணு போறும்."

நான் உங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மீனுக்காக அல்ல, அந்த ஒரு வருட முள்ளுக்காக. அதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மாசி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வருகிற ஞாயிறு விஷுக் கீரைப் பங்கு. எட்டுப் பங்குதான் வைக்கப் போகிறோம். உங்கள் பங்கை யாருக்குக் கொடுப்பது என்று செக்ரட்டரி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று சாளைத் தண்ணீரை எல்லா வாளிக்கும் விட்டேன். பிறகு கீழே இறங்கி, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். அது நீல வாளிக்கு. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டு போய்ப் படைப்போம். எங்கள் ஆண்டவர் மீன் சாப்பிட்டவர்தான், மாமி, அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இருக்காது. ஆனாலும் அவருக்கு நான் நீல வாளியிலிருந்துதான் பறிப்பேன்.