இருபதாவது நாள் நான் வரவில்லை

தம்பி,

போன வாரம் கால் வீக்கத்துக்கு மருந்து வாங்க கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், தன் கணவனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கை நடுங்கி, குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாதிக்கு மேல் சட்டையில் கொட்டியிருந்தது. டாக்டரம்மா அவளிடம், "வார்டுல சேத்துடலாமா, இல்ல தெனம் காலையில வந்துட்டு சாயந்தரம் வீட்டுக்குப் போறாரா? போக வர கூட ஆள் இருக்கா?" என்று கேட்டார். "நான் இருக்கேன் டாக்டர்" என்றாள் அவள். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. மருந்து வாங்காமலே திரும்பிவிட்டேன்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில், நம் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் ஐயா என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். பால் வெட்டும் கத்தி பிடிக்கிற உன் கை ஆடி, ஒரே காலையில் நாலு மரத்தைக் காயப்படுத்தியிருந்தாய். ஆட்களை மேய்க்கும் மண்டோரான என் வீட்டுக்காரர், உன் மாமாவே உன்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார். டிரஸ்ஸர் உன் கண்ணை விரித்துப் பார்த்தார். "திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும்மா. மொத ரெண்டு வாரம் இங்கயே படுக்கட்டும். அப்புறம் ஒரு மாசம் காலையில வந்து, சாயந்தரம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வார்டில் முதல் மூன்று நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினாய். நாலாம் நாள் கஞ்சி குடித்தாய். இரண்டாவது வாரம் முகம் தெளிந்து, அம்மா இருந்தபோது இருந்த பிள்ளையாகத் தெரிந்தாய். எனக்கு நிம்மதி. ஆனால் அது முழுக்க உன்னை நினைத்து வந்த நிம்மதி இல்லை. லயத்து வீட்டு வாசலில் வாந்தியைக் கழுவ வேண்டாம், மாமாவின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டாம் என்ற நிம்மதியும் அதில் இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமே ஐயா" என்று டிரஸ்ஸரிடம் நான் கேட்டது உனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நீ கட்டிலை விட்டு எழவே தயங்கினாய். "வார்டுல குடிக்காம இருந்தது நான் இல்லக்கா. அந்தக் கதவு. வெளிய வந்தாத்தான் நான் எப்படின்னு தெரியும். சாயந்தரம் மட்டும் நீ வந்து கூட்டிட்டுப் போ. கடையைத் தாண்டுற வரைக்கும் போதும்" என்றாய்.

ஆஸ்பத்திரி, நம் லயத்து வீடுகளைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்கு வெளியே ஒரு மைல். நடுவில் கள்ளுக்கடை. ஆறு மணிக்கு வேலியின் கேட்டை அடைத்துவிடுவார்கள், அதன்பின் ஊரடங்கு. நான் நாலரைக்குக் கிளம்பி வருவேன். பகலெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு, பேண்டேஜ் துணி மடித்துக் கொடுத்து, வார்டு கூட்டிவிட்டு, நீ படியில் உட்கார்ந்திருப்பாய். கடை நெருங்கியதும் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்வாய். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. கடைவாசலில் சிரிப்பார்கள். நீ தலை நிமிராமல் நடப்பாய். தாண்டியதும் கையை விட்டுவிட்டு, "இன்னிக்கும் ஆச்சுக்கா" என்பாய்.

பத்தொன்பது நாள் ஆயிற்று.

இருபதாவது நாள், உன் மாமாவின் தங்கையைப் பெண் பார்க்க சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். நாலரை மணிக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார். குடிகாரத் தம்பியைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கயும் இல்ல அத்தை" என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் தனியாக வந்தால் என்ன என்று நினைத்தேன். மாமாவும் போகச் சொல்லவில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகும், பாத்திரம் கழுவும் சாக்கில் நான் அசையவில்லை. ஆறு மணி மணியடித்துச் சற்று நேரத்தில் கேட் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. அதற்கு முந்தைய வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் காட்டிலிருந்து வந்தவர்கள் சுட்டு இரண்டு பேர் செத்திருந்தார்கள். எல்லாரும் பயத்தில் இருந்தார்கள். ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து யாரோ ஓடிவந்ததாகவும், நில் என்று கத்தியும் நிற்கவில்லை என்றும் காவலுக்கு நின்றவன் அழுதுகொண்டே சொன்னான். அவனுக்கும் உன் வயதுதான் இருக்கும்.

"குடிச்சிட்டு ஓடியிருக்கான்" என்று லயமே சொன்னது. மாமாவும் சொன்னார்.

உன்னை எடுத்த பிறகு டிரஸ்ஸர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாயில வாடை இல்லம்மா. நான் பாத்தேன். அஞ்சரை வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தான். நேரமாச்சு, போப்பான்னேன். அக்கா வரும்னான். அப்புறம் கடைப் பக்கம் போகாம, மரத்துக்குள்ள எறங்கிச் சுத்திப் போனான்" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா" என்றேன். அவர் காலை விடுவித்துக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு அந்த மாப்பிள்ளையே அமைந்தான். குடித்துச் செத்த மாமா என்றுதான் என் பிள்ளைகள் உன்னைத் தெரிந்துகொண்டார்கள். நானே அப்படித்தான் வளர்த்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பெரியவனை உட்காரவைத்து, "உங்க மாமா செத்த அன்னிக்குக் குடிக்கலடா" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"அப்ப எதுக்கும்மா ஓடுனாரு?"

"கேட்டு மூடிடுவாங்கன்னு ஓடுனான். நேரமாயிடுச்சு."

"ஏன் நேரமாச்சு?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், தம்பி. அவன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான்.