பெரியவளே போதும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எங்கள் மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குத் தீனி போடப் போனேன். ஆண் ராஸ் மீன் செத்து, பாறை இடுக்கில் சொருகிக் கிடந்தது. விரல் நீளம்தான். ஆனால் அந்தப் பவளப்பாறைக்கு அதுதான் ராஜா. நான்கு பெண் மீன்கள் அதன் குடும்பம். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்பது குடும்பத்தொழில். இவற்றைவிடப் பல மடங்கு பெரிய களவாய் மீன் ஆவென்று வாயைத் திறந்து நிற்கும். இவை உள்ளே புகுந்து பல் துலக்கிவிட்டு வரும். அது விழுங்காது.

மத்தியானத்துக்குள் பெண்களில் பெரியவள் மற்ற மூவரையும் விரட்ட ஆரம்பித்துவிட்டாள். பிணத்தின் ஈரம் காயவில்லை, அதற்குள் அதிகாரம்!

மார்ச் 5, புதன்

"கடல்லேர்ந்து ஒரு ஆண் மீன் பிடிச்சுத் தரச் சொல்லியாச்சு" என்றார் மேலாளர்.

வேண்டாம், பெரியவளே ஆணாக மாறிவிடுவாள், இந்த இனத்தில் அப்படித்தான் என்றேன். சிரித்தார்.

"ஏம்மா, கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

கடலில் அந்த மீனுக்கும் ஒரு குடும்பம் இருக்காதா? நம் கண்ணாடிப் பெட்டிக்காக அதைப் பிடுங்கி வரவேண்டுமா? வந்தால் பெரியவளோடு அடித்துக்கொண்டு சாகும்.

மீன் பிடிப்பவருக்கு நானே போன் போட்டு, வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

"யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்னீங்க?"

"மீனக் கேட்டு, சார்."

என் வாய் சும்மா இருக்காது. பலன் — வாசலில் டிக்கெட் கவுன்ட்டர். கடல் உயிரியல் படித்துவிட்டுச் சீட்டுக் கிழிக்கிறேன்.

அக்கா கேட்டாள்: "ஒரு மன்னிப்பு கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

ஆமாம். குறைந்துதான் போவேன்.

மார்ச் 12, புதன்

கவுன்ட்டரை மூடிவிட்டு, பார்வையாளர் பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியவளின் நிறம் மாறவில்லை. மாறவும் மாறாது, இந்த மீனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீலம், ஒரே கறுப்புக் கோடு. மாறுவதெல்லாம் உள்ளே.

"அப்படியேதானே இருக்கு?" — மேலாளரின் நக்கல். அவருக்கு எப்படிக் காட்டுவது?

காட்டமாட்டேன். அவளே காட்டட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

தொட்டிக்குப் புது ஆள் எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும்.

பயமாக இல்லையா? இருக்கிறது. அதுக்காக? கால்ல விழணுமா? போங்கடா.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் மேலாளரே கவுன்ட்டருக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த ராஸ் மீனுங்களுக்கு ஏதோ சீக்கு போல. ரெண்டு ரெண்டா மேல பாயுது. உச்சிக்குப் போனதும் புகை மாதிரி தண்ணி கலங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"கவுன்ட்டர விட்டுட்டு வரமுடியாது சார். நீங்க இங்க உக்காருங்க."

உட்கார்ந்தார்.

ஓடினேன். பெரியவள் — இல்லை, பெரியவன் — சின்னவளின் முதுகுக்கு மேலே உடம்பு நடுங்க நீந்திக்கொண்டிருந்தான். சட்டென்று இரண்டும் சேர்ந்து மேலே பாய்ந்தன. வெள்ளையாக ஒரு புகை. முட்டையும் விந்தும்! அங்கேயே நின்று, யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

நான் திரும்பி வந்ததும் மேலாளர் கேட்டார்: "என்ன சீக்கு?"

"கல்யாணம், சார்."

வரிசையில் அடுத்து நின்றவருக்குச் சீட்டைக் கிழித்து நீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இத நான் பாத்துக்கறேன். நீங்க போயி தீனி போடுங்க."